மருத்துவமனைக்கு வந்தனர் தாய்மார்கள். குழந்தைகளின் தட்டுக்கு வரவில்லை உணவு

ஹைதராபாத்: குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைவுக்குத் தாய்மார்களின் அறியாமையே காரணம், அவர்கள் மருத்துவமனையை நாடி வந்துவிட்டால் நிலைமை சீராகிவிடும். ஆட்சியாளர்கள் நெடுங்காலமாகக் கூறிவரும் இந்த வாதத்தைத் தெலங்கானாவின் அனுபவம் கேள்விக்குள்ளாக்குகிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தெலங்கானாவில் 2019-ல் நடத்தப்பட்டது. மாநிலத்தின் பிரசவங்களில் 97 சதவீதம் மருத்துவமனைகளில் நிகழ்ந்ததாக அது தெரிவித்தது. ஆனால், ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதம், 2015-16 ஆய்வில் இருந்த 28 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்ந்தது. அகில இந்திய அளவில் இவ்விகிதம் 38-லிருந்து 35.5 ஆகக் குறைந்திருந்தது. கொரோனாவுக்கு முன்பே எடுக்கப்பட்ட கணக்கு என்பதால் பெருந்தொற்றின் மீது பழிபோடவும் வழியில்லை.

தாய்மார்கள் ஒத்துழைக்கவில்லை என்றும் கூற முடியாது. அரசு மருத்துவமனையில் பிரசவிக்கும் பெண்களுக்கு ரூ.12 ஆயிரம், பெண் குழந்தை பிறந்தால் ரூ.13 ஆயிரம் வழங்கும் திட்டத்தை மாநில அரசு 2017-ல் கொண்டுவந்தது. பரிசோதனை, பிரசவம், தடுப்பூசி ஆகியவற்றுடன் தவணைகள் இணைக்கப்பட்டன. இரு ஆய்வுகளுக்கும் இடையே அரசு மருத்துவமனைப் பிரசவங்கள் ஏறத்தாழ 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாகப் பெருகின.

இடைவெளி எங்கே?

மருத்துவமனைக்குள்ளேயே ஒரு குறை தொடங்கிவிடுகிறது. 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அறுவைச் சிகிச்சை மூலம் பிறந்தன. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெற்றவை 37 சதவீதமே. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளில் போதிய உணவு பெற்றோர் பத்து சதவீதத்துக்கும் குறைவு.

2015-ல் தொடங்கிய ஆரோக்கிய லட்சுமித் திட்டம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் முட்டை, பாலுடன் முழுச் சாப்பாடு அளித்தது. தாய்க்கான சாப்பாடு ஆறு மாதத்தில் நின்றுவிடுகிறது. குழந்தை திட உணவுக்கு மாறுவதும், தாய் கூலி வேலைக்குத் திரும்புவதும் ஏறத்தாழ அதே கட்டத்தில்தான். ஏழாம் மாதம் முதல் மூன்று வயது வரை, வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவும் முட்டையுமே குழந்தைக்கு ஆதாரம். அந்த மாவு குடும்பம் முழுவதற்கும் பங்காகிவிடுவது இத்தகைய திட்டங்களின் பழைய குறை.

வழிகாட்டிய ஆய்வு

இதற்கான விடையின் ஒரு பகுதி ஹைதராபாத்திலேயே இருக்கிறது. 1918-ல் குன்னூரில் தோன்றி, 1958-ல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 1987 முதல் 1990 வரை நகரை அடுத்த 29 கிராமங்களில் ஓர் ஆய்வை நடத்தியது. 15 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் சமைத்த உப்புமா நாள்தோறும் வழங்கப்பட்டது. மற்ற 14 கிராமங்களுக்கு அது கிடைக்கவில்லை. தடுப்பூசி, ரத்தசோகைத் தடுப்பு போன்ற சேவைகள் இரு தரப்புக்கும் பொதுவானவை.

அக்குழந்தைகள் 13 முதல் 18 வயதை எட்டியபோது மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். உணவு பெற்ற கிராமங்களின் பிள்ளைகள் சராசரியாக 14 மில்லி மீட்டர் கூடுதல் உயரம் பெற்றிருந்தனர். ரத்தக் குழாய்களின் விறைப்பும், சர்க்கரை நோய்க்கு அடிகோலும் இன்சுலின் எதிர்ப்பும் அவர்களிடம் குறைவாகக் காணப்பட்டன. 2008-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் இம்முடிவுகள் வெளியாயின. வித்தியாசம் பெரிதல்ல, எனினும், மருத்துவச் சேவை சமமாக இருந்த இடத்தில் அதை உண்டாக்கியது உணவே எனக் கருத இடமிருக்கிறது.

மத்திய அரசின் பொறுப்பு

அரசு ஊழியர் நீங்கலாக ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ரூ.6 ஆயிரத்துக்குக் குறையாத உதவி என்பது 2013-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் அளித்த உரிமை. 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் ரூ.5 ஆயிரம் என்று சுருக்கியது. 2022-ல்தான், அதுவும் பெண்ணாகப் பிறந்தால் மட்டுமே, இரண்டாவது குழந்தைக்கும் அது நீட்டிக்கப்பட்டது. கூலியை இழந்து குழந்தையுடன் வீட்டில் இருக்கும் ஏழைத் தாய்க்கு இத்தொகை எத்தனை நாள் தாங்கும்?

மகப்பேறு உதவியை 2018-ல் ரூ.18 ஆயிரமாக உயர்த்திய தமிழகத்திலும், ஐந்தாவது ஆய்வின்படி நான்கில் ஒரு குழந்தைக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. தாய்மார்களுக்கு அறிவுரை கூறுவதோடு அரசுகளின் கடமை முடிந்துவிடாது. அழைத்த இடத்துக்கு அவர்கள் வந்துவிட்டார்கள். பிரசவத்துக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுகளுக்கு உணவையும் ஊதிய இழப்பீட்டையும் உறுதிசெய்ய வேண்டியது இனி அரசுகளின் முறை.