தெருவே முகவரியாக இருந்த ஊர்

மதுரையில் கடை தேடி அலைய வேண்டியிராத காலம் ஒன்று இருந்தது. பித்தளைக் குடமா, வெண்கலக்கடைத் தெரு. வளையலா, வளையல்காரத் தெரு. துணி தைக்கவா, புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம் அது. அதன் கல்தூண்களுக்கு இடையே தையல் மெஷின்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களின் வேட உடைகள் பெரும்பாலும் அங்கே தைத்தவைதான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு டெய்லரின் பெயர் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று தெரிந்தால் போதும். அந்த டெய்லரிடம் கைவேலை குவிந்திருந்தால் அடுத்த தூண்காரரைக் கைகாட்டுவார். தேடி வந்தவர் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்.

இப்படித் தொழிலுக்கென்று தெரு அமையாத கடைகள் வேறு வழி பார்த்தன. சிவகாசியில் அச்சடித்த தினசரி காலண்டர், கல்யாண மஞ்சப்பை, பேப்பருக்குள் வைத்து வரும் நோட்டீஸ், தியேட்டர் இடைவேளையில் ஸ்லைடு. 1996இல் ஜஸ்ட் டயல் வந்தது. போன் போட்டுக் கேட்டால் நாலு கடை நம்பர் சொன்னார்கள். ஆனாலும் காலண்டர் ஆணியிலிருந்து இறங்கவில்லை.

புதுமண்டபத்துக் கடைகள் சில ஆண்டுகளுக்கு முன் அருகிலுள்ள குன்னத்தூர் சத்திர வளாகத்துக்கு மாற்றப்பட்டன. பழைமையான மண்டபம் மூச்சுவிட அது தேவை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால், கடையோடு தூண் போகவில்லையே! வாடிக்கையாளரின் நினைவிலிருந்த முகவரி ஒரே நாளில் செல்லாமல் போனது. பழகியவர்கள் விசாரித்து வந்துவிடுவார்கள். புதிதாக வருகிறவர் இன்று பூக்காரம்மாவிடம் கேட்பதற்கு முன்பே கைப்பேசியில் தேடிவிடுகிறார். கூகுள் மேப்பில் கடை பழைய இடத்திலேயே நின்றால், வளாகத்துக்குள் மெஷின் ஓடுவது அவருக்கு எப்படித் தெரியும்?

கூகுள் 2014இல் ‘மை பிசினஸ்’ என்று தொடங்கி, 2021இல் ‘பிசினஸ் புரொபைல்’ என்று பெயர் மாற்றிய கடைப்பட்டியலுக்குக் கட்டணம் கிடையாது. பல கடைகளுக்கு உரிமையாளர் கேட்காமலேயே அதில் ஒரு பக்கம் இருக்கும். ‘இது என் கடை’ என்று உரிமை கோரி, கடைக்காரர் தாம்தான் என்று உறுதிப்படுத்தினால், மேப்பில் குறியை நகர்த்தலாம், நேரத்தையும் நம்பரையும் திருத்தலாம், படம் போடலாம். உரிமை கோராத பக்கம் திண்ணை மாதிரி, யாரும் ஏறி உட்காரலாம். வழிப்போக்கர் ஒருவர் ‘நிரந்தரமாக மூடப்பட்டது’ என்று திருத்தம் அனுப்பி, அது ஏற்கப்பட்டுவிட்டால், பாவம், கடைக்காரருக்கு வியாபாரம் குறைவதுதான் தெரியும், காரணம் தெரியாது.

இந்த அறியாமையில் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். ‘கூகுளிலிருந்து பேசுகிறோம், பணம் கட்டினால் உங்கள் கடை முதலில் வரும்’ என்று வரும் அழைப்புகளை நம்ப வேண்டாம். விளம்பரம் என்று குறித்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், அது வேறு. இயல்பான வரிசைக்குக் கூகுள் சொல்லும் அளவுகோல் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தேடுகிறவரிடமிருந்து தூரம், கடையின் பெயர்பெற்ற நிலை. பணம் கொடுத்து அந்த இடத்தை வாங்க முடியாது. கடைப் பெயரோடு ‘மதுரை நம்பர் ஒன் டெய்லர்’ என்று ஒட்டுவதும் விதிமீறல், பக்கமே முடக்கப்படலாம். போர்டில் என்ன பெயரோ அதுவே அங்கும் இருக்க வேண்டும்.

தையல்காரர் சொல்ல வேண்டியதைப் படங்கள் சொல்லிவிடும். அழகர் வேட உடையைக் காட்டும் நாலு படம், வளாகத்தில் எந்தத் தளம், எந்தக் கடை எண் என்ற விவரம், எடுத்துப் பேசுகிற ஒரு நம்பர். ரிவ்யூவுக்குத் தமிழிலேயே இரண்டு வரி பதில் எழுதலாம். குறை சொன்னவருக்குக் கட்டாயம் எழுத வேண்டும், அடுத்து வருகிறவர் அதைத்தான் முதலில் படிப்பார். காசு கொடுத்து ஸ்டார் வாங்குவது அடுத்த கடைக்காரரின் வயிற்றில் அடிப்பது. இந்திய தர நிர்ணய அமைவனம் இணைய மதிப்புரைகளுக்கென்றே 2022இல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிடும் அளவுக்கு அந்தப் பொய் பெருகிவிட்டது.

மண்டபத்தில் பக்கத்துத் தூணுக்கு அனுப்பிவைத்த அந்தக் கைகாட்டல் மேப்பில் இல்லை. அங்கே ஒவ்வொரு கடையும் தனிக்கடைதான். பட்டன் போனோடு இருக்கும் மூத்த டெய்லர், வேலையில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், பட்டியலில் கீழேதான் நிற்பார், அல்லது இருக்கவே மாட்டார். இதை வியாபாரிகள் சங்கம் கையில் எடுக்கலாம். விவரம் தெரிந்த இளைஞர் இருவரை அழைத்துக் கடை கடையாகப் பக்கத்தைச் சரிசெய்து, பாஸ்வேர்டை அந்தந்தக் குடும்பத்திடமே கொடுத்துவிட வேண்டும், சங்கமோ இடைத்தரகரோ வைத்துக்கொள்ளக் கூடாது. அழகர் உடைக்கு ஆர்டர் வரத் தொடங்கும் முன், பங்குனியிலேயே இதை முடித்துவிடலாம்.