இடக்கையும் இடமும்

தமிழில் 'இடம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உள. ஒன்று, நிற்பதற்கும் இருப்பதற்கும் உரிய தலம். மற்றொன்று, வலத்திற்கு எதிரான பக்கம். 'வலம்' என்னும் சொல்லோ பக்கத்தைக் குறிப்பதோடு வலிமையையும் வெற்றியையும் சேர்த்தே குறிக்கிறது. வலக்கைக்கு வலிமையையும் வெற்றியையும் அளித்த நம் மொழி, இடக்கைக்கு ஓர் இடத்தை மட்டும் அளித்தது எனலாம். அந்த இடமேனும் இடக்கை வழக்கமுடையார்க்குக் கிடைத்திருக்கிறதா என்பதே இக்கட்டுரையில் நாம் காண விழைவது. சென்னை மாநகரின் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் நாள்தோறும் நம் கண்ணில் படும் காட்சிகள் இதற்குப் போதிய சான்றுகளாகும்.

அரபு மொழி இவ்வகையில் சற்றுத் தாராளமானது. அம்மொழியில் 'யமீன்' என்பது வலப்பக்கத்தோடு உறுதிமொழியையும் குறிக்கும். 'யசார்' என்பது இடப்பக்கம். அதே சொல் செல்வ வளத்திற்கும் வழங்குகிறது. நம் பேச்சு வழக்கிலோ இடக்கைக்கு 'நொட்டாங்கை', 'பீச்சாங்கை' என்னும் பெயர்களே உள்ளன. நன்னூலார் கூறும் இடக்கரடக்கலை நினைந்து அவையில் நாம் சொல்லத் தயங்கும் பின்னைய சொல், 2017இல் ஒரு திரைப்படத்திற்கே பெயராயிற்று. சென்னை வரலாற்றில் 1652ஆம் ஆண்டிலும் 1707ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த 'வலங்கை, இடங்கை'ப் பூசல்கள் சாதிப் பிரிவுகளைப் பற்றியவை. கைப்பழக்கத்தோடு அவற்றிற்குத் தொடர்பில்லை. ஆதலின் அவற்றை இங்கு விடுத்து மேற்செல்வோம்.

வலமும் இடமும் பார்ப்பவரின் நிலையைப் பொறுத்தவை என்பதற்குச் சங்கு ஒன்றே போதும். அரிதென்று நாம் போற்றும் வலம்புரிச் சங்கினை விலங்கியலார் இடச்சுழிச் சங்கு என்றே வகைப்படுத்துவர். சங்கு ஒன்றுதான், அதனை எம்முனையிலிருந்து நோக்குகிறோம் என்பதில்தான் வேறுபாடு.

உலக மக்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினர் இடக்கை வழக்கமுடையவர். மூளையின் இடப்பாதி வலக்கையையும், வலப்பாதி இடக்கையையும் இயக்குகின்றன என்பது யாவரும் அறிந்ததே. எனினும், இடக்கையர் 'மாற்று மூளையால்' சிந்திப்பவர் என்று சிலர் கூறுவது பொருந்தாது. வலக்கையருள் மிகப் பெரும்பாலோர்க்கு மொழியாற்றல் மூளையின் இடப்பாதியில் அமைந்துள்ளது; இடக்கையருள்ளும் 10 பேரில் 7 பேர்க்கு அது இடப்பாதியிலேயே உள்ளது. தாயின் கருவில் இருக்கும்போதே குழவி ஒரு கையின் விரலை விரும்பிச் சுவைப்பதனை மீயொலிப் படங்கள் காட்டுகின்றன. ஒத்த இரட்டையருள் ஒருவர் வலக்கையராகவும் மற்றவர் இடக்கையராகவும் இருப்பதுண்டு. பெற்றோர் இருவரும் இடக்கையராயினும் பிள்ளைகளுள் பெரும்பாலோர் வலக்கையராகவே அமைகின்றனர். ஆகவே இது குழந்தையின் முரட்டுப் பிடிவாதமும் அன்று. பெற்றோர் கற்பிக்கத் தவறியதன் விளைவும் அன்று.

இனி உணவுப் பந்திக்கு வருவோம். மயிலாப்பூரில் ஒரு திருமண மண்டபத்தில் வாழையிலை விரிக்கப்படுகிறது. இலையின் நுனி உண்பவரின் இடப்புறம் இருத்தல் வேண்டும் என்பது மரபு. அகன்ற பகுதி வலப்புறம் அமைவதால் சோற்றைப் பிசைந்து எடுக்க வலக்கைக்கு வசதியாகிறது. இடக்கையால் உண்பவர்க்கு இலை குறுகிய பக்கத்தைக் காட்டுகிறது. அதனினும் பெரிய இடர் முழங்கையால் நேர்வது. இடப்பக்கத்தில் அமர்ந்திருப்பவரின் வலமுழங்கையும் இவருடைய இடமுழங்கையும் ஒவ்வொரு கவளத்திற்கும் மோதிக்கொள்ளும். ஆதலால் அனுபவமுடைய இடக்கையர் பந்தியில் நுழைந்தவுடன் வரிசையின் இடக்கோடி இருக்கையைத் தேடி அமர்வதனைக் காணலாம். பிறர் அதனைக் கூச்சம் என்று கருதுவர்!

உண்ணும் கை பற்றி இஸ்லாமிய நெறியும் தெளிவாகக் கூறுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், தம் பராமரிப்பில் வளர்ந்த உமர் இப்னு அபீ ஸலமா என்னும் சிறுவர்க்கு, இறைவன் திருப்பெயரைச் சொல்லி, வலக்கையால், தமக்கு அருகில் உள்ளதிலிருந்து உண்ணுமாறு கற்பித்த செய்தி நபிமொழித் தொகுப்புகளில் காணப்படுகிறது. ஒரே தட்டில் பலர் சூழ்ந்து உண்ணும் சஹன் விருந்தினைக் கண்டவர்க்கு இவ்வொழுங்கின் அருமை விளங்கும். காயமுற்றோர், இயலாதோர் ஆகியோர்க்கு இதில் விலக்குண்டு என்பர் மார்க்க அறிஞர். நாம் கருத வேண்டியது யாதெனில், இது உண்ணும் ஒழுங்கு. எழுதுகோல் பிடிப்பதனைத் தடுக்கும் விதியன்று. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இரு கைகளையும் ஒத்த திறனுடன் பயன்படுத்தியவர் என்று வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். மகாபாரதத்தில் அருச்சுனனுக்குச் 'சவ்வியசாசி' என்னும் பெயர் வாய்த்ததும் இடக்கையாலும் அம்பு எய்த வல்லவன் என்பதாலேயே. வலக்கையால் உண்டு இடக்கையால் எழுதுவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் இரண்டையும் முறையாகவே செய்கின்றனர். பந்தியின் ஒழுங்கைப் பாடப் புத்தகத்திற்கும் நீட்டி, எழுதுகோலைப் பிடித்த பிஞ்சுக் கையில் அடித்த காலம் ஒன்று இருந்தது. அவ்வாறு மாற்றப்பட்ட பெரியோர் இன்றும் வலக்கையால் கையெழுத்திட்டு, ஆணியை இடக்கையால் அறைவதனைக் காணலாம்.

தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் கடைகள் திறக்கும் காலைப் பொழுதில் இடக்கையால் பணம் நீட்டிப் பாருங்கள். முதல் போணியாயின் கடைக்காரர் முகம் மாறும். (அச்சாலை, 1934இல் சென்னை மாகாணத்தின் ஆளுநர் பொறுப்பினை வகித்த சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயர் தாங்கியது என்பதனை இன்று பலர் அறியார்.) அருகிலுள்ள பாண்டி பஜாரில் ஒரு தையற்கடைக்குள் சென்றால் வேறொரு சிக்கல். வழக்கமான கத்தரிக்கோலை வலக்கையில் பிடித்து அழுத்தும்போது, விரல்களின் இயல்பான விசை இரு அலகுகளையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அதனையே இடக்கையில் பிடித்தால் அதே விசை அலகுகளை விலக்குகிறது. துணி வெட்டுப்படாமல் இடையே மடிந்துகொள்கிறது. வெட்டவேண்டிய கோடும் மேலலகின் பின்னே மறைந்துவிடுகிறது. தையல் இயந்திரத்தின் கைச்சக்கரமும், மெட்ரோ நிலைய வாயிலில் அட்டை காட்டும் இடமும் வலப்புறமே. இதற்கு மாறாக, நம் நாட்டு மகிழுந்தில் பல்லிணையை மாற்றுவது ஓட்டுநரின் இடக்கை. இதனை இயலாது என்று மறுத்த வலக்கையர் எவரையும் நாம் அறியோம்.

இடக்கையரின் இடப் பிரச்சினை முழு உருவில் வெளிப்பட்டது கருநாடக இசை மேடையில்தான். பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) மிருதங்க உலகின் பெருமேதை. கஞ்சிராவிலும் வல்லவர். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை வழிவந்த மரபில், தந்தையார் முத்தையா பிள்ளையிடம் பயின்றவர். அவர் இடக்கையர்.

மிருதங்கத்திற்கு இரு முகங்கள் உண்டு. கரணை இட்ட சிறிய முகம் வலந்தலை. ரவைப் பசை அப்பும் பெரிய முகம் தொப்பி. சொற்கட்டுகளுள் நுண்ணியவை பெரும்பாலும் வலந்தலையில் பிறப்பதால், திறன் மிக்க கை அதன்மேல் இருத்தல் வேண்டும். பழனியார் மிருதங்கத்தைத் திருப்பி வைத்து, வலந்தலையை இடக்கையால் வாசித்தார். பெயர் வலந்தலை, வாசித்த கை இடக்கை. தொப்பியில் அவர் எழுப்பிய கும்காரத்தை இரசிகர்கள் இன்றும் வியந்து பேசுவர். அது அவருடைய வலக்கையில் பிறந்த நாதம்.

இதில் பிறர்க்கு என்ன இடையூறு என்று கேட்கலாம். கச்சேரி மேடையில் பாடகர் நடுவே அமர்வார். அவருடைய வலப்புறம் மிருதங்கம், இடப்புறம் வயலின் என்பது வழக்கம். மிருதங்கக்காரர் பாடகரை நோக்கித் திரும்பி அமரும்போது வலந்தலை அவையோரை நோக்குகிறது. நாதம் தெளிவாக அவைக்குச் செல்கிறது. இடக்கையர் அதே இடத்தில் அமர்ந்தால் தொப்பி அவையை நோக்கும். வலந்தலை மேடையின் பின்சுவரை நோக்கும். ஆகவே அவர் பாடகரின் இடப்புறம் அமர்தல் வேண்டும். அவ்வாறாயின் வயலின்காரர் எழுந்து மறுபுறம் செல்லுதல் வேண்டும். பழகிய இடத்தை விட்டுக்கொடுக்கப் பக்கவாத்தியக்காரர் விரும்பாமையாலும், பாடகர்கள் தயங்கியமையாலும், பழனியார்க்குத் தொடக்கத்தில் கச்சேரி வாய்ப்புகள் அரிதாயின. வாசிப்பில் குறை கண்டவர் இலர், இருக்கையில்தான் சிக்கல்! அந்நிலையில் அவரை ஆதரித்துத் தம் கச்சேரிகளில் அமர்த்திக்கொண்டவர் செம்பை வைத்தியநாத பாகவதர் (1896–1974). செம்பையார் செய்தது ஒரு மேடையில் இருவரை இடம் மாற்றி அமரச் செய்ததே. அதற்குத் துணிவு தேவைப்பட்டது. பின்னர்ப் பழனியாரின் பெயர், பாலக்காடு மணி ஐயரின் பெயரோடு ஒருங்கு வைத்து எண்ணப்படலாயிற்று. அவருடைய மாணாக்கரான திருச்சி சங்கரன் 1971 முதல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் அக்கலையைக் கற்பித்தார். ஒன்றை இங்குச் சொல்ல வேண்டும். இடக்கை ஆசிரியரின் எதிரே வலக்கை மாணவர் அமரும்போது, ஆசிரியரின் இடக்கை மாணவரின் வலக்கைக்கு நேராக அமைகிறது. கண்ணாடியில் காண்பது போலப் பார்த்துப் பழகலாம். இடக்கை ஆசிரியரால் வலக்கை மாணவர்க்கு நன்மையே.

மயிலாப்பூர் மேடையிலிருந்து சேப்பாக்கம் மைதானம் நெடுந்தொலைவில் இல்லை. அங்கு இடக்கை ஆட்டக்காரரும் வலக்கை ஆட்டக்காரரும் இணைந்து மட்டை பிடிக்கையில், ஒவ்வோர் ஓட்டத்திற்கும் களத்தடுப்பாளர் பலர் இடம் மாறி நிற்கின்றனர். ஒருவரும் முணுமுணுப்பதில்லை. 1997 மே 21 அன்று பாகிஸ்தானின் சயீத் அன்வர் அம்மைதானத்தில் 194 ஓட்டங்கள் குவித்தது இடக்கை ஆட்டத்தாலேயே. ஆனால் மட்டை பிடிக்கும் முறையைக் கொண்டு கைவழக்கத்தை முடிவு செய்தல் இயலாது. சச்சின் டெண்டுல்கர் வலக்கை ஆட்டக்காரர், எழுதுவது இடக்கையால். நம் சென்னையின் வாஷிங்டன் சுந்தர் இடக்கையால் ஆடி, வலக்கையால் பந்து வீசுபவர்.

எழுத்துக்கு வருவோம். மாணவர்க்கு இதுவே தலையாய இடர். தமிழ் இடமிருந்து வலம் செல்லும் எழுத்து. வலக்கையர் எழுதும்போது கை, எழுதிய எழுத்தை விட்டு விலகிச் செல்கிறது. இடக்கையர்க்கோ கை, எழுதிய எழுத்தின்மேலேயே நகர்கிறது. மை காயுமுன் தேய்ந்து, தாளும் கறைபடும். சுண்டுவிரலின் ஓரமும் கறைபடும். இதனைத் தவிர்க்கவே பலர் மணிக்கட்டைக் கொக்கி போல் வளைத்து, வரிக்கு மேலிருந்து எழுதுகின்றனர். அரபும் உருதும் வலமிருந்து இடம் செல்வன. தமிழேட்டில் கறைபடும் கை, அரபு ஏட்டில் தூயதாக நகர்கிறது. மையைத் தேய்க்கும் இடர் அங்கு வலக்கையரைச் சேர்கிறது. தமிழும் அரபும் உருதும் ஒரு கூரையின்கீழ்ப் பயிலும் நம்மைப் போன்ற கல்லூரிகளில், ஒரே மாணவரின் இரு குறிப்பேடுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இவ்வுண்மை புலனாகும்.

நம் முன்னோரின் ஓலைச்சுவடி எழுத்தில் இச்சிக்கல் இருந்ததில்லை. எழுத்தாணியால் கீறிய பின்னரே கரி பூசினர். தேய்வதற்கு மை இல்லை. அடையாற்றில் 1886இல் தோன்றிய பிரம்மஞான சபை நூலகத்திலும், பெசன்ட் நகரிலுள்ள டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூலகத்திலும் காக்கப்பெறும் சுவடிகளை நோக்கும்போது, அவை இரு கைகளாலும் எழுதப்பட்டவை என்பதனை நினைத்தல் நன்று. இடக்கை ஓலையைத் தாங்கியது. இடப்பெருவிரல் எழுத்தாணிக்கு அணையாக நின்றது. அவ்விரல் நகத்தை வளர்த்து, அதில் பள்ளம் செய்து, எழுத்தாணியை அதில் பதித்து எழுதியோரும் உண்டு.

தாளில் எழுதும் காலத்திலும், தேவை வந்தபோது இடக்கை பணிக்கு வந்துள்ளது. 1909 நவம்பரில் கில்டோனன் காசில் என்னும் கப்பலில் காந்தியடிகள் 'இந்து சுயராஜ்யம்' நூலை எழுதியபோது, வலக்கை சோர்ந்தபின் இடக்கையால் தொடர்ந்தார். 275 பக்கங்களுள் ஏறத்தாழ 40 பக்கங்கள் இடக்கையால் எழுதியவை. அவர் தாமே விரும்பிக் கையை மாற்றினார். பள்ளிச் சிறார்க்கு நேர்ந்ததோ பிறர் வற்புறுத்தல்.

தேர்வுக் கூடத்தில் மூன்று மணி நேரம் எழுத வேண்டிய மாணவரின் நிலையை இனிச் சொல்ல வேண்டும். எழுதுபலகை வலப்புறம் பொருத்திய நாற்காலிகளே பல வகுப்பறைகளில் உள்ளன. இடக்கையர் அதில் எழுத வேண்டுமாயின் உடலை வலப்புறம் முறுக்கி அமர்தல் வேண்டும். முழங்கைக்குத் தாங்கல் இல்லை. முதல் மணி நேரத்திலேயே தோளும் கழுத்தும் வலிக்கும். திரும்பி அமர்வதனைக் கண்ட கண்காணிப்பாளர், அண்டை மாணவரின் தாளைப் பார்ப்பதாக ஐயுறுவதும் உண்டு. பலகையை இடப்புறம் மாற்றிப் பொருத்துவது ஒரு தச்சரின் அரைநாள் வேலை. அறுபது நாற்காலி உள்ள அறையில் ஆறு நாற்காலிகளை அவ்வாறு அமைத்தால் போதும். அதுவரை இரட்டை மேசையில் அமரும் இடக்கை மாணவரை இடக்கோடியில் அமர்த்தலாம். பந்தியில் பெரியோர் கையாளும் உத்தியே அது.

ஆசிரியர்கள் கற்பிக்கக் கூடியதும் ஒன்றுண்டு. வலக்கை மாணவர் தாளை இடப்புறம் சாய்த்து வைப்பர். இடக்கை மாணவர் அதனை வலப்புறம் சாய்த்து, உடலின் நடுக்கோட்டிற்குச் சற்று இடப்புறமாக வைத்தல் வேண்டும். எழுதுகோலை முனையிலிருந்து இரு விரற்கடை மேலே பிடித்து, கையை வரியின் கீழே வைத்து எழுதினால், மணிக்கட்டை வளைக்க வேண்டுவதில்லை. எழுதும் சொல்லும் கண்ணுக்குத் தெரியும். விரைவில் காயும் மையுடைய பேனாவைத் தேர்ந்துகொள்வது நலம். தொடக்கப் பள்ளியிலேயே இதனைக் காட்டிவிட்டால் சில வாரங்களில் படிந்துவிடும். கல்லூரிப் பருவத்தில் தொடங்குவோர்க்கு ஒரு பருவத் தேர்வு வரையிலும் ஆகலாம்.