வேதசாட்சிகளின் வீரம்

கிரேக்க மொழியில் 'மார்த்துஸ்' என்பது முதற்கண் அறமன்றத்துக்குரிய சொல்லாகும். கண்டதைக் கண்டவாறு உரைக்கும் சாட்சியையே அது குறித்தது. கிறித்து சமயத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில், தம் நம்பிக்கையை மறுத்துரைக்க உடன்படாது உயிர்துறந்தோர்க்கு அச்சொல்லே பெயராயிற்று. தமிழ்க் கத்தோலிக்கர் அதனை 'வேதசாட்சி' என வழங்கினர். பிற்காலத்தார் 'மறைசாட்சி' என்பர். அரபு மொழியின் 'ஷஹீத்' என்னும் சொல்லும் சாட்சி என்னும் பொருளுடையதே. சைவரும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அயலயலாக வாழும் கல்முனை, வீரமுனைக் கரையோரத்தில் இவ்வொற்றுமை சிந்தனைக்குரியது. போரில் வீழ்ந்தவனையும், பழியின்றிக் கொலையுண்டவனையும், சாட்சியாய் நின்று மாண்டவனையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் பெருகிவிட்டமையின், அச்சொல்லின் பழம்பொருளைத் தேர்ந்து காண்டல் வேண்டற்பாலது.

உரோம அரசு அக்கிறித்தவரிடம் வேண்டியது மேலோட்டமாக நோக்குவார்க்கு மிகச் சிறியது. கி. பி. 112 ஐ ஒட்டிய காலத்தில் பித்தினியா நாட்டை ஆண்ட பிளினி என்பான், திராசன் பேரரசனுக்கு எழுதிய முடங்கலில் தன் விசாரணை முறையை விளக்கியுள்ளான். நீ கிறித்தவனா என்று மும்முறை வினவுவான். தண்டனையை எடுத்துக்கூறி அச்சுறுத்துவான். ஆம் என்றே நிற்பவரைக் கொலைக்கு அனுப்புவான். அல்லேன் எனக் கூறிக் கிறித்துவை இகழ்ந்து, பேரரசன் உருவத்தின் முன் சிறிது நறும்புகையும் மதுவும் படைத்தவரை விடுதலை செய்வான். உண்மை அறியும் பொருட்டு இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்ததாகவும் அவன் எழுதுகின்றான். அவர்கள் பெயரை அவன் குறித்திலன். ஆளுநனுக்கு அது வேண்டப்படாத செய்தி போலும்.

கி. பி. 203 இல் கார்த்தேசு நகரிற் கொல்லப்பட்ட பெர்ப்பெத்துவாவின் வரலாறு இதனினும் தெளிவானது. இருபத்திரண்டு அகவையினளான அவள் நற்குடியிற் பிறந்தவள். கையிற் பால்குடி மறவாத மகவு. சிறையில் அவள் தானே எழுதிய குறிப்புகள் எஞ்சியுள்ளன. தந்தை வந்து, சமயத்தை மறுத்து ஒரு சொல் கூறுமாறு இரந்தபோது, அவள் அருகிற் கிடந்த ஒரு கலத்தைச் சுட்டி, இதனை இதன் பெயரன்றி வேறு பெயரால் அழைத்தல் கூடுமோ என்று வினவினாள். கூடாது என்றார் தந்தை. அங்ஙனமே தானும் தான் அல்லாத ஒன்றாகத் தன்னைக் கூறிக்கொள்ளல் இயலாது என்றாள். இதில் வீராவேசம் ஒன்றுமில்லை. மகவை எண்ணி அவள் பட்ட துயரமும், சிறையின் இருளைக் கண்டு கொண்ட அச்சமும் அக்குறிப்புகளில் மறைக்கப்படவில்லை. அச்சமின்மையன்று, அச்சத்திடையே பொய்யுரையாமையே ஈண்டு வீரமாகின்றது. அவளுடன் மாண்ட பெலிசித்தாள் ஓர் அடிமைப் பெண். சிறையிலேயே மகப்பேறு கண்டவள். அடிமையும் செல்வக் குடிமகளும் ஒரே களத்தில் நின்றமை அக்காலச் சமுதாயத்துக்குக் கொலையினும் பெரிய அதிர்ச்சியாய் இருந்திருத்தல் கூடும்.

இத்தகைய சாவைத் திருச்சபை கண்மூடிப் போற்றியது என எண்ணுதல் பிழை. சிமிர்னா நகரத்து முதுமகனான பொலிக்கார்ப்பு என்னும் ஆயரின் வரலாற்றிலேயே, பிரிகியா நாட்டுக் குவிந்து என்பவன் செய்தி வருகின்றது. அவன் தானே வலிந்து அதிகாரிகளிடம் சென்று தன்னை ஒப்புவித்தவன். பிறரையும் அவ்வாறு செய்யத் தூண்டியவன். கொடிய விலங்குகளைக் கண்ட அளவில் நடுங்கி, அவர்கள் கூறிய ஆணையை இட்டு, பலியும் செலுத்தினான். தாமாகச் சென்று சாவைத் தேடுவோரைப் புகழோம் என அவ்வரலாற்றை எழுதினோர் வெளிப்படையாக உரைக்கின்றனர். பொலிக்கார்ப்போ முதலில் நகரை விட்டு நீங்கினார், பிடிபட்டபோது வந்தவர்க்கு உணவளிக்கச் செய்தார், கேட்டபோது மறுக்கவில்லை. கார்த்தேசின் ஆயர் சிப்பிரியானும் கி. பி. 250 இல் ஒளிந்திருந்தமையாற் பழிக்கப்பட்டவரே. 258 இல் அவர் தலை கொய்யப்பட்டது. தம்மைக் கொல்பவனுக்கு 25 பொற்காசு கொடுக்குமாறு அவர் பணித்தார் என்பர்.

அக்கி. பி. 250 ஆம் ஆண்டின் செய்தி ஒன்று கூறற்குரியது. தேசியசு பேரரசன், யாவரும் தேவர்க்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் பெறுதல் வேண்டும் என ஆணையிட்டான். அச்சான்றிதழ்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை எகிப்து நாட்டு மணலிற் புதையுண்டு கிடந்து வெளிப்பட்டுள்ளன. பலியிடாமலே கையூட்டுக் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய கிறித்தவரும் பலர். சான்றிதழை விலைக்கு வாங்கும் கலை அண்மையிற் பிறந்ததன்று! தாம் பலியிடவில்லையே, தாளிலே தானே பொய் என்று அவர்கள் தம்மைத் தேற்றிக்கொண்டனர். சிப்பிரியான் அவர்களைப் பலியிட்டவரினின்றும் வேறாக எண்ணினாரேனும், குற்றமற்றவர் என விட்டாரில்லை.

தமிழர்க்கு வீரம் புதிய பொருளன்று. ஆநிரை மீட்டுப் பட்டவனுக்கு நடுகல் எடுத்தது பழந்தமிழ் மரபு. ஆயின் நடுகல்லில் நிற்பவன் கையில் வில்லும் வாளும் உண்டு. வேதசாட்சியின் வீரத்தோடு ஒப்பிடுதற்குரியது திருநாவுக்கரசர் வரலாறே. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் அவர்க்கு இடப்பட்டதாகப் பெரியபுராணம் கூறும். பல்லவனுக்கு எதிராக அவர் படை திரட்டியதாக ஒரு குறிப்பும் இல்லை. அவர் உயிர் பிழைத்தார், கிறித்தவச் சாட்சிகள் மாண்டனர் என்பது வேற்றுமை. அரசன் ஆணைக்கு உட்படாத உள்ளம் ஒன்று உண்டு எனக் காட்டியது ஒற்றுமை.

ஈழத்தில் இவ்வரலாறு சைவ வாசகரைச் சற்று இடர்ப்படுத்தும் வடிவில் நிகழ்ந்தது. 1544 இல், முத்துக்குளிப்புக் கரையிலிருந்த புனித சவேரியாரை மன்னார் மக்கள் வேண்ட, அவர் ஒரு குருவை அனுப்பினார். பலர் திருமுழுக்குப் பெற்றனர். யாழ்ப்பாண மன்னன் சங்கிலி படையொடு வந்து அவர்களைக் கொல்வித்தான். கொல்லப்பட்டோர் ஏறத்தாழ 600 பேர் என்பது வழக்கு. கத்தோலிக்க நூல்கள் மட்டுமன்றி, ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலையும் இக்கொலையைக் கூறுதலின், பகைவர் கட்டிய கதை என இதனை ஒதுக்குதல் பொருந்தாது. மன்னனுக்கு அரசியற் காரணம் இருந்தது உண்மை. கடலிற் போர்த்துக்கேயர் வலிமை பெற்றிருந்தனர். புதுச் சமயத்தைத் தழுவியோர் அவர்க்குக் குடிகளாகி விடுவர் என அவன் அஞ்சினான். அவ்வச்சம் பொய்த்திலது, 1560 இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். சவேரியாரே சங்கிலியை ஒறுக்கப் படை செல்லவேண்டும் என முயன்றார். ஆயினும் பேரரசுகளின் கணக்கு அம்மீனவர் கணக்கன்று. அவர்கள் கையிற் படைக்கலம் இல்லை. பிறர் பின்னர் அவர்கள் பெயரால் நடத்திய போருக்கு அவர்கள் பொறுப்பாளரும் அல்லர். மன்னார்த் தீவின் தோட்டவெளியில் வேதசாட்சிகள் பெயரால் ஓர் ஆலயம் உண்டு.

இருநூறாண்டு கழித்து, திருவிதாங்கூரில் நட்டாலத்து நீலகண்டபிள்ளைக்கு நிகழ்ந்ததில் ஐயத்துக்கு இடம் குறைவு. மார்த்தாண்டவர்மன் அரண்மனை அலுவலரான அவர், குளச்சற் போரிற் சிறைப்பட்ட ஒல்லாந்தத் தளபதி தெலானாயின் நட்பால் கிறித்தவராகி, 1745 இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் எனப் பெயர் பெற்றார். 1749 இற் சிறைப்பட்டு, எருமை மேல் ஏற்றி ஊரூராய் இழிவுபடுத்தப்பட்டு, 1752 சனவரி 14 இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையிற் சுடப்பட்டார். 2022 இல் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தார். மூன்றாண்டு நீண்ட துன்பத்தில் ஒவ்வொரு நாளும் திரும்பிச் செல்லும் வழி அவர்க்குத் திறந்தே இருந்தது. ஒருகணத்து வீரத்தினும் அது கடினமானது.

கிழக்குக் கரையோரத்தில் வழிபாட்டிடங்கள் கண்ட குருதி வேறு வகையானது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்தோர் கொல்லப்பட்டனர். 2019 ஏப்பிரல் 21 இல் உயிர்ப்புப் பெருவிழாவன்று மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்தில் சிறுவர் பலர் மாண்டனர். அவர்களிடம் எவரும் வினாவொன்றும் கேட்டிலர். மறுத்துப் பிழைக்கும் வழியும் அவர்க்கு இருந்ததில்லை. அவர்களுக்காக அழுதல் கடன். ஒரு கட்சியின் அல்லது ஒரு சமயத்தின் போருக்குரிய கொடியாக அவர்களை ஏந்துதல், சாட்சி என்னும் பெயரையும் கெடுத்து, இறந்தோரையும் இழிவுபடுத்துவதாகும். பிறரைக் கொன்று தானும் சாவானுக்கு அப்பெயர் எவ்வாற்றானும் பொருந்தாது. பெர்ப்பெத்துவாவும் பொலிக்கார்ப்பும் தம் உயிரையன்றி வேறெவர் உயிரையும் விலையாகக் கொடுத்திலர்.

இன்றைய நம்பிக்கையாளரை ஆளுநன் அழைத்து நறும்புகை இடச் சொல்வதில்லை. அவர் முன் வருவது பெரும்பாலும் மறுதலையான வினா: தம்மவர் செய்த தீமையைக் கண்டும் காணேன் எனக் கூறுவாரோ என்பது. 2019 ஏப்பிரலின் இறுதியில் சாய்ந்தமருதில் புதிதாய்க் குடிவந்தோர்மேல் ஐயுற்று அதிகாரிகளுக்கு அறிவித்தவர் அவ்வூர் முஸ்லிம்களே. 1994 இல் காணாமற்போனோர் பற்றி அமைக்கப்பட்ட ஆணைக்குழுக்களில் ஒன்று வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்குரியது. அதன்முன் தாய்மாரும் மனைவியரும் வந்து, இன்ன நாளில் இன்னார் அழைத்துச் சென்றனர் எனத் தாம் கண்டதைக் கண்டவாறு உரைத்துச் சென்றனர்.