பழைய யுத்த விமானங்களுக்குப் புது வர்ணம்

சுவரை வைத்துக்கொண்டுதான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. உடலைப் பேணுதற்பொருட்டு அவர்கள் மொழிந்த இம்மூதுரை, இன்று கணினித் திரையிலே பறக்கும் யுத்த விமானங்களுக்கும் அட்சரம் பிசகாமற் பொருந்துகின்றது. அங்கும் முதலிற் சுவர் எழுப்பவேண்டும். பின்னரே சித்திரந் தீட்டலாம். சுவர் எழுப்புவோர் ஒரு சாரார். சித்திரந் தீட்டுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிற் பெரும்பாலோர் கூலி கருதாது செய்துவரும் பணியைப் பற்றி இவ்வாரம் நாம் சிறிது ஆராய்வோம். “பிள்ளை எந்நேரமும் கணினியில் விமானம் ஓட்டுகின்றான்” என மனம் வருந்தும் பெற்றோரும் இதனை வாசித்தல் நன்று.

திரையிலே ஒரு விமானப்படை

யுத்த விமானம் ஓட்டும் அனுபவத்தை வீட்டுக் கணினியிலே தருகின்ற சிமியுலேற்றர் விளையாட்டுகள் பல உள. மைக்ரோசொப்ற் நிறுவனம் 1998ஆம் ஆண்டில் ஐரோப்பிய யுத்தகளத்தையும், 2000ஆம் ஆண்டில் பசிபிக் சமுத்திர யுத்தகளத்தையும் பொருளாகக் கொண்டு இத்தகைய விளையாட்டுகளை வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் ரஷ்யாவிலிருந்து ‘ஐ.எல்.-2 ஸ்ரூர்மோவிக்’ வந்தது. முப்பத்தாறாயிரத்துக்கு மேல் உற்பத்தி செய்யப்பெற்ற சோவியத் விமானமொன்றின் பெயரே அது.

விளையாட்டை ஆக்கியோர் தரும் விமானங்களோ சில. இரண்டாவது உலக மகாயுத்தத்திற் பறந்த விமான வகைகளோ பல. ஒரே வகை விமானங்கூட, படைப்பிரிவுக்குப் படைப்பிரிவு, ஆண்டுக்கு ஆண்டு வேறு வேறு கோலம் பூண்டிருந்தது. இந்த இடைவெளியை நிரப்பவே ஆர்வலர்கள் முன்வந்தனர்.

சுவரும் சித்திரமும்

சுவர் எழுப்புவோர், பழைய வரைபடங்களையும் நூதனசாலைகளில் எஞ்சியிருக்கும் விமானங்களையும் ஆதாரமாகக் கொண்டு, கணினியிலே சிறு சிறு தளங்களை இணைத்து விமானத்தின் வடிவத்தை அமைக்கின்றனர். வடிவம் மாத்திரம் போதாது. எடை, சிறகின் பரப்பு, இயந்திரத்தின் வலு ஆகியவற்றையும் எண்களாக அமைத்தல் வேண்டும். பிரித்தானிய ஹரிக்கேன் விமானம், ஜப்பானிய ஸீரோ விமானத்தைக் குறுகிய வட்டத்திலே திரும்பி வெல்லுமாயின், பார்வைக்கு அது எத்துணை அழகாயிருப்பினும் வரலாறு பொய்யாகிவிடும்.

சித்திரந் தீட்டுவோரின் வேலை தையற்காரரின் வேலையை ஒத்தது. தையற்காரர் சட்டையைத் துண்டுகளாக வெட்டித் தட்டையான துணியிற் பரப்புவதுபோல, விமானத்தின் தோலும் ஒரு தட்டைப் படமாக விரிக்கப்படுகின்றது. ஐ.எல்.-2 விளையாட்டின் முதற்பதிப்பில் அப்படம் 1024க்கு 1024 புள்ளிகள் கொண்டது. வர்ணங்கள் 256 மாத்திரமே. அவ்வளவு சிறிய பரப்புக்குள்ளே தகட்டு விளிம்புகள், ஆணித்தலைகள், புகைபோக்கியின் கரி, விமானி ஏறுமிடத்திலே தேய்ந்த வர்ணம், படைப்பிரிவின் எழுத்துக்கள் ஆகிய அனைத்தையும் தீட்டவேண்டும். பிறர் எழுப்பிய சுவரிற் சித்திரந் தீட்டுவோர், அவரிடம் அனுமதி பெற்று, அவர் பெயரையுங் குறிப்பிடுதல் இத்துறையின் நல்லொழுக்கமாகும்.

ஒரு சிவப்புப் பொட்டின் கதை

வர்ணம் வெறும் அலங்காரமன்று; உயிர் காக்கும் அடையாளமாகும். அமெரிக்க விமானங்களின் நட்சத்திரச் சின்னத்தின் நடுவே முன்னர் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஜப்பானியரின் சின்னமோ சிவப்பு வட்டம். அவசரத்திலே தம்மவரையே சுட்டுவிடக்கூடும் என்றஞ்சி, 1942ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கர் அப்பொட்டை நீக்கினர். அதே காரணத்தால், தென்கிழக்காசியாவில் இருந்த பிரித்தானிய விமானங்களும் 1943ஆம் ஆண்டிலே சிவப்பை இழந்தன. 1944ஆம் ஆண்டு ஜூன் 6ஆந் திகதி நோர்மண்டியில் நேசநாட்டுப் படைகள் இறங்கியபோது, அவற்றின் விமானங்கள் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பூண்டதும் இதன்பொருட்டே. ஆகவே, ஒரு பொட்டை வைப்பதா விடுவதா என்பது ஆண்டையும் மாதத்தையும் அறிந்து தீர்மானிக்கவேண்டிய விஷயமாகும்.

நம் நாட்டு ஆகாயத்தில்

இதற்கு உதாரணந் தேடி நாம் தூரதேசம் போகவேண்டியதில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிலிருந்தும் கொழும்புக் குதிரைப்பந்தய மைதானத்திலிருந்தும் ஹரிக்கேன்கள் எழுந்து எதிர்த்தன. திருக்கோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு சுவோட்பிஷ் விமானங்கள் வழியிலேயே வீழ்த்தப்பட்டன. நான்கு தினங்களின் பின், மட்டக்களப்புக்கு அப்பால் ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது.

அன்றைய ஹரிக்கேன் ஒன்றைத் தீட்டப் புகும் ஒருவர், பின்னாளிற் பிரசித்தமான சிவப்பில்லாச் சின்னத்தை அதன்மீது பொறிப்பாராயின் தவறிழைத்தவராவார். 1942 ஏப்ரலிற் சிவப்பு இன்னும் நீங்கவில்லை. ஜப்பானிய விமானங்களிலும் நுட்பம் உண்டு. பேர்ள் துறைமுகத் தாக்குதற் காலத்தில், ‘அககி’ கப்பலின் விமானங்கள் உடலிலே ஒரு சிவப்புப் பட்டையையும், ‘சொரியு’வினுடையவை ஒரு நீலப் பட்டையையும், ‘ஹிரியு’வினுடையவை இரண்டு நீலப் பட்டைகளையும் தரித்திருந்தன. இம்மூன்று கப்பல்களுமே நமது கடலுக்கு வந்தவை. இரண்டு மாதங்களின் பின் மிட்வேயில் அழிந்தவை.

புகைப்படமும் சிலவேளை பொய் சொல்லும். அக்காலத்துக் கறுப்பு வெள்ளைப் பிலிம் வகைகளுள் ஒன்று சிவப்பு ஒளியை உணராதது. அதிலே நீலம் வெளிறியும், மஞ்சளும் சிவப்பும் கறுத்தும் தோன்றும். சின்னத்தைச் சூழ்ந்த மஞ்சள் வளையத்தைக் கருவளையமென மயங்குதல் எளிது. ஆதலின் நல்ல கலைஞர் ஒரு படத்தை மாத்திரம் நம்புவதில்லை. படைப்பிரிவின் குறிப்பேடு, கட்டளைத் திகதி, எஞ்சிய உலோகத்துண்டு ஆகியவற்றோடும் ஒப்புநோக்குவர்.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

யுத்தத்தை விளையாட்டாக்குதல் தகுமோ என்று வினவுவோர் உளர். அக்கேள்வி நியாயமானதே. திரையிலே எரிந்து வீழ்ந்தவன் ஒரு விசையை அழுத்தியதும் மீண்டும் பறக்கின்றான். அந்த உயிர்த்த ஞாயிறு காலையில் வீழ்ந்த வாலிபர்க்கு, அவர் பிரித்தானியராயினும் ஜப்பானியராயினும், அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. வெறுமனே சுட்டு மகிழ்பவன் இதனை மறந்துவிடுகின்றான். ஆயின், ஒரு விமானத்தின் எழுத்தும் இலக்கமும் சரியாக அமையவேண்டுமென்று பல இரவுகள் விழித்திருந்து தேடுபவன், அதனை ஓட்டியவர் யாவர், அவர் கதி என்னவாயிற்று என்பதையும் வினவத் தொடங்குகின்றான். அவ்வினா பிறந்த இடத்திலே விளையாட்டு கல்வியாகின்றது.

எனவே, பெற்றோரே, அடுத்தமுறை உங்கள் பிள்ளை கணினியிலே விமானம் ஓட்டக் கண்டால், நேரத்தைக் கட்டுப்படுத்துங்கள், அதனோடு நில்லாது, “இது எந்த ஆண்டு விமானம்? இதன் சின்னத்திலே சிவப்பு ஏன் இல்லை?” என்றுங் கேளுங்கள். விடை தெரியாவிடின், இருவருமாகத் தேடிப் பாருங்கள்.