சாதாரண மனிதனின் விமானம்

புட்பக விமானத்தைப் பற்றிக் கேள்வியுறாத தமிழர் இலர். எத்தனை பேர் ஏறி அமர்ந்தாலும் அதில் மேலும் ஒருவர்க்கு இடமிருக்கும் என்று கதை கூறுவோர் சொல்வதுண்டு. கதையிலே அந்த வெற்றிடம் ஓர் அதிசயம். இக்காலத்து விமானக் கம்பனிக்கோ வெறுமையாய்க் கிடக்கும் ஆசனம் பெருநஷ்டம். விமானம் புறப்பட்டபின் அதில் விலைபோகாதிருந்த ஆசனத்தை மறுநாள் யாரும் வாங்கமாட்டார். அந்தியில் விலைபோகாத மீனையும் பூவையும் போன்றது அது. இந்த எளிய உண்மையை ஆதாரமாகக் கொண்டு, சாதாரண மனிதனையும் ஆகாயத்தில் ஏற்றிச் செல்ல முயன்ற கம்பனியொன்று நமது அயல்நாடாகிய இந்தியாவிலே தோன்றி, ஐந்தாண்டுகளில் தன் பெயரை இழந்தது. ஏர் டெக்கான் என்பது அதன் பெயர்.

அது தோன்றிய சூழ்நிலையை முதலில் நோக்குவோம். 1953ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தனியார் விமானக் கம்பனிகளைத் தேசவுடைமையாக்கியது. அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உள்நாட்டு விமானப் போக்குவரத்து பெரும்பாலும் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. 1990களில் தனியாருக்குக் கதவு திறக்கப்பட்டது. ஈஸ்ட் வெஸ்ட், டமானியா, மோடிலுஃப்ட் எனப் பல கம்பனிகள் தோன்றின. அந்தப் பத்தாண்டு முடியுமுன்னே மறைந்தும் போயின. எஞ்சியவை அறவிட்ட கட்டணமோ அதிகாரிகளும் வணிகரும் மட்டுமே கொடுக்கக்கூடியதாக இருந்தது. நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நாட்டில், விமானத்தை அண்ணாந்து பார்த்தவர் பலர். அதில் ஏறியவர் மிகச் சிலர்.

இந்நிலையை மாற்ற எண்ணியவர் கப்டன் கோபிநாத். கர்நாடகத்து ஹாசன் மாவட்டத்திலுள்ள கொரூர் என்னும் கிராமத்தவர்; இராணுவத்திற் பணிபுரிந்து, 1971ஆம் ஆண்டு யுத்தத்திலும் பங்குபற்றியவர். ஹேமாவதி ஆற்றுக்கு அணை கட்டப்பட்டபோது அவருடைய குடும்பத்தின் நிலம் நீரில் மூழ்கியது. இராணுவத்தை விட்டு வந்த அவர், அதற்கு ஈடாகக் கிடைத்த தரிசு நிலத்திலே விவசாயமும் பட்டுப்புழு வளர்ப்பும் செய்தார். பின்னர் ஹெலிகொப்டர்களை வாடகைக்கு விடும் கம்பனியொன்றை நண்பருடன் சேர்ந்து நடத்தினார். அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றைத் தழுவி, கதாநாயகனைச் சோழவந்தான் ஊரவனாக மாற்றி, 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 'சூரரைப் போற்று' என்னும் திரைப்படத்தை நேயர்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். படத்திலே கற்பனை மிகுதி. ஆயினும் அதன் கரு உண்மையானதே.

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், பெங்களூரைத் தளமாகக் கொண்டு ஏர் டெக்கான் பறக்கத் தொடங்கியது. முதலில் ஏறத்தாழ ஐம்பது பேர் அமரக்கூடிய ஏ.டி.ஆர். விமானங்களே அதனிடம் இருந்தன. இவை சுழல்விசிறியால் இயங்குபவை. குறுகிய ஓடுபாதையிலும் இறங்கவல்லவை. ஆதலின் ஹூப்ளி போன்ற சிறு நகரங்களும் விமானப் படத்தில் இடம்பெற்றன. கார்ட்டூன் ஓவியர் ஆர். கே. லக்ஷ்மண் வரைந்த 'சாதாரண மனிதன்' அக்கம்பனியின் சின்னமாக விளங்கினான்.

கட்டணத்தை எவ்வாறு குறைத்தனர் என்று கேட்கலாம். விமானத்தில் இலவச உணவு இல்லை. வேண்டியவர் பணம் கொடுத்து வாங்கலாம். சீட்டுகளைப் பெரும்பாலும் முகவரின்றி இணையத்தின் மூலமாகவும் தொலைபேசி மூலமாகவும் கம்பனியே விற்றது. அதனால் தரகுக் கூலி மிஞ்சியது. விமானம் நிலத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவே அன்றி வருவாயன்று. எனவே இறங்கிய விமானம் விரைவில் மீண்டும் ஏறவேண்டும் என்பது விதியாயிற்று. முந்தி வாங்குவோர்க்கு மலிவாகவும் பிந்தி வாங்குவோர்க்கு விலை கூட்டியும் சீட்டுகள் விற்கப்பட்டன. சில ஆசனங்கள் ஒரு ரூபாவுக்கு, வரி நீங்கலாக, விற்கப்பட்டதும் உண்டு. முன்பு புகைவண்டியையே நம்பியிருந்த பலர் முதன்முறையாக விமானப் படிகளில் ஏறினர்.

2007ஆம் ஆண்டளவில் நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்கள் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களுக்குச் சென்றுவந்தன. அந்த வேகமே அதற்குப் பகையுமாயிற்று. தாமதங்கள் மலிந்தன, பிரயாணிகள் முணுமுணுத்தனர். எரிபொருளின் விலை ஏறியது. அதன்மீது மாநில அரசுகள் விதித்த வரியும் கனத்தது. ஏர் டெக்கான் காட்டிய வழியிலே ஸ்பைஸ்ஜெட், இண்டிகோ முதலிய புதிய கம்பனிகள் போட்டிக்கு வந்தன. 2006ஆம் ஆண்டில் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கமுயன்றபோது போதிய ஆதரவு கிட்டாமையால் காலக்கெடுவை நீடிக்க நேர்ந்தது.

பணம் வற்றிய வேளையில், 2007ஆம் ஆண்டில் கிங்ஃபிஷர் கம்பனியின் அதிபர் விஜய் மல்லையா ஏர் டெக்கானின் 26 சதவீதப் பங்கை வாங்கினார். செல்வர்க்கான சொகுசுச் சேவை நடத்தியவர் மலிவான விமானத்தை ஏன் நாடினார்? இந்தியக் கம்பனி வெளிநாட்டுக்குப் பறக்கவேண்டுமாயின் ஐந்தாண்டு உள்நாட்டுச் சேவையும் இருபது விமானங்களும் வேண்டும் என்பது அக்காலத்துச் சட்டவிதி. 2005இற் பிறந்த கிங்ஃபிஷருக்கு அந்த வயது இல்லை. ஏர் டெக்கானுக்கோ 2008 ஆகஸ்டில் அது நிறைவெய்தும். இரு கம்பனிகளும் இணைந்தன. 2008 செப்டெம்பரிலே கிங்ஃபிஷர் பெங்களூரிலிருந்து லண்டனுக்குப் பறந்தது. சாதாரண மனிதனுக்காக ஈட்டிய ஐந்தாண்டு வயது, சீமான்களின் பிரயாணத்துக்கு அனுமதிச் சீட்டாயிற்று.

ஏர் டெக்கானின் பெயர் 'கிங்ஃபிஷர் ரெட்' என மாற்றப்பட்டது. சின்னமாயிருந்த சாதாரண மனிதனும் அகற்றப்பட்டான். கட்டணம் உயர்ந்தது. 2011ஆம் ஆண்டில் அந்த மலிவுச் சேவை கைவிடப்பட்டது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் விமானங்கள் யாவும் நிலத்தில் நின்றன. மாதக்கணக்கிற் சம்பளம் பெறாத ஊழியர் வீதிக்கு வந்தனர்.

எனினும் முயற்சி முற்றாக வீண்போகவில்லை. குறைந்த கட்டணத்திலே நிறைந்த ஆசனம் என்னும் முறையை இறுகப் பற்றிய இண்டிகோ, இந்தியாவின் மிகப் பெரிய விமானக் கம்பனியாக வளர்ந்தது. சிறு நகரங்களை இணைக்கும் திட்டமொன்றை அரசாங்கமே வகுக்க, அதன்கீழ் முதல் விமானம் 2017இற் பறந்தது. அதே ஆண்டில் அத்திட்டத்தின்கீழ்ப் பழைய பெயருடன் ஏர் டெக்கான் சிறிய அளவில் மீண்டும் தோன்றி, 2020இற் பெருந்தொற்றுக் காலத்திலே நின்றுபோயிற்று.

கம்பனிகள் தோன்றும், மறையும். ஆயின் ஒருமுறை விமானத்தில் ஏறிய மனிதனிடம், இது உனக்கானதன்று என்று இனி எவரும் சொல்ல இயலாது. அதுவே ஏர் டெக்கான் விட்டுச்சென்ற சொத்து.