பச்சைக் குழாய்... சிவப்புக் குழாய்!

பங்களாதேஷ் கிராமங்களில் 2000-ஐ ஒட்டிய வருடங்களில் லட்சக்கணக்கான அடிபம்புகளைச் சோதித்துப் பெயின்ட் அடித்தார்கள். பச்சை என்றால் தாராளமாகக் குடிக்கலாம். சிவப்பு என்றால் குளிக்கலாம், துணி துவைக்கலாம். சமைக்கவோ குடிக்கவோ கூடாது!

காரணம், ஆர்செனிக். பழைய கதைகளில் 'பாஷாணம்' என்று வருமே, அந்த வகையறா. தண்ணீரில் கலந்திருந்தால் நிறம், வாடை, ருசி எதிலும் காட்டிக் கொடுக்காது.

நல்லது செய்யப் போய்...

அங்கே ஒரு காலத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்துக் குழந்தைகள் வாந்திபேதியில் பலியானார்கள். 1970-களில் யுனிசெஃப் உதவியோடு ஊர் ஊராக அடிபம்பு இறக்கினார்கள். அன்றைய வழக்கமான தண்ணீர்ப் பரிசோதனையில் ஆர்செனிக் இடம்பெறவில்லை. மேற்கு வங்காள கிராமத்து நோயாளிகளின் தோலைப் பார்த்து, 1983-ல் கொல்கத்தா தோல் மருத்துவர் கே.சி. சாஹாதான் முதலில் கண்டுபிடித்தார். 1993-ல் பங்களாதேஷ் கிணறுகளிலும் தெரிய வந்தது.

யார் கலந்தது?

எந்தத் தொழிற்சாலையும் இல்லைங்க, இயற்கைதான்! கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயமலையிலிருந்து கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் வங்காளப் படுகை. அந்த மணலின் மேல் இரும்புத்துரு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். ஆர்செனிக் அந்தத் துருவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். கூடவே புதைந்த இலைதழைகளைக் கிருமிகள் தின்னும்போது மண்ணுக்குள் ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. பிறகு அவை துருவைப் பயன்படுத்துகின்றன. துரு கரைகிறது. பிடி விட்ட ஆர்செனிக் தண்ணீரில் இறங்கிவிடுகிறது.

இது பெரும்பாலும் 100 மீட்டருக்குள் இருக்கும் இளம் வண்டலில் நடக்கிறது. 150 மீட்டருக்குக் கீழே இருப்பது மிகப் பழைய பழுப்பு மணல். அங்கே துருவின் பிடி இன்னும் விடவில்லை. 2001-ல் வெளியான ஆய்வில், மேலோட்டமான கிணறுகளில் கால்வாசிக்கும் மேல் பங்களாதேஷின் வரம்பான லிட்டருக்கு 50 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தன. ஆழக் கிணறுகளில் நூற்றுக்கு ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவோ வெறும் 10!

அப்போ ஆழமாப் போட்டா போதுமா?

குடிக்க, சமைக்க மட்டும் எடுத்தால் நல்ல வழிதான். பாசனத்துக்கும் அங்கிருந்தே உறிஞ்சினால் மேலே இருக்கும் தண்ணீர் மெல்லக் கீழே இறங்கும் ஆபத்து உண்டு. சில ஆழக் கிணறுகளில் மாங்கனீஸ் தொல்லையும் இருக்கிறது. அதனால் ஆழம் மட்டுமே சான்றிதழ் ஆகாது.

உடம்பு என்ன சொல்லும்?

பல வருடம் குடித்த பிறகே தெரியும். மார்பிலும் முதுகிலும் மழைத்துளி தெறித்த மாதிரி புள்ளிகள்... உள்ளங்கை, உள்ளங்காலில் சொரசொரப்பான தடிப்பு... கவனிக்காமல் விட்டால் தோல், நுரையீரல், சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரை போகலாம். இது ஒட்டுவாரொட்டி கிடையாது. அது தெரியாமல் பாதிக்கப்பட்ட பெண்களை ஒதுக்கி வைத்ததும், கல்யாணம் தட்டிப்போனதும் அங்கே நடந்த சோகம்.

முதல் மருந்து, தண்ணீரை மாற்றுவதுதான். ஆரம்பத்திலேயே நிறுத்தினால் பாதிப்பு மேலும் முற்றாமல் தடுக்க வழி உண்டு.

இதையும் மறக்காதீங்க!

* காய்ச்சினால் கிருமி சாகும். ஆர்செனிக், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

* பக்கத்து வீட்டுக் கிணறு நல்லா இருக்கு என்பதால் உங்கள் கிணறும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். சில அடி தூரத்திலேயே அளவு மாறும்.

* வீட்டில் போர் தண்ணீர் குடிக்கிறீர்களா? பரிசோதனைக்குக் கொடுக்கும்போது உப்பும் கடினத்தன்மையும் மட்டும் போதாது. உங்கள் பகுதியில் என்ன தாது அதிகம் என்று கேட்டு அதையும் பார்க்கச் சொல்லுங்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் என்றால் ஃபுளோரைடு கட்டாயம்!