விபிஎன் இருக்கிறதே, பிறகு என்ன பயம்?

கருங்கல் பகுதியில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பலருக்கு நான்தான் விண்டோஸ் செட்டப் செய்து தருகிறேன். 2020 மார்ச் ஊரடங்கிற்குப் பின், சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் டெக்னோபார்க் நிறுவனங்களின் வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பவர்களும் வருகிறார்கள். அவர்கள் கேட்பது இதுதான்: "அண்ணே, ஆபீஸில் விபிஎன் போட்டுத் தந்திருக்காங்க. பிறகு என்ன பயம்?"

விபிஎன் என்பது உங்கள் கம்ப்யூட்டருக்கும் ஆபீஸ் நெட்வொர்க்கிற்கும் இடையே இணையத்தில் அமைக்கப்படும் சுரங்கப்பாதை. இதில் செல்லும் தகவல்களை வழியில் யாரும் படிக்க முடியாது. ஆனால் பாதையின் இந்த முனையில், உங்கள் கம்ப்யூட்டரிலேயே வைரஸ் உட்கார்ந்திருந்தால்? உங்களோடு சேர்ந்து அதுவும் உள்ளே போகும்.

பாஸ்வேர்டுகளைக் காத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கே 2022ல் இது நடந்தது. முக்கியமான சாவிகளைப் பயன்படுத்தும் உரிமை அங்கு நான்கு எஞ்சினியர்களுக்கு மட்டுமே இருந்தது. அவர்களில் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில், படம் பார்க்க உதவும் ப்ளெக்ஸ் என்ற சாஃப்ட்வேர் பழைய பதிப்பாகவே கிடந்தது. அதன் ஓட்டை 2020லேயே அடைக்கப்பட்டிருந்தும் அவர் அப்டேட் செய்யவில்லை. அந்த வழியே நுழைந்தவர்கள், தட்டும் எழுத்துகளைப் பதிவு செய்யும் கீலாகர் புரோகிராமை வைத்து அவருடைய பாஸ்வேர்டை எடுத்தார்கள். வாடிக்கையாளர்களின் பேக்கப் ஃபைல்கள் களவு போயின.

நம் பக்கத்துக் கூடங்குளத்தையும் பாருங்கள். 2019ல் அணுமின் நிலையத்தின் நிர்வாக நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டரில் மால்வேர் கண்டறியப்பட்டது. அணு உலையை இயக்கும் நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு அங்கே செல்லவில்லை என்று அரசு அறிவித்தது.

இந்தப் பிரிவினையை வீட்டிலும் செய்யலாம். ஆபீஸ் தந்த லேப்டாப்பை வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது. சொந்தக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவர்கள் பிள்ளைகளுக்குத் தனி அக்கவுண்ட் தாருங்கள். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ் சென்று, அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ் பகுதியில் ஆட் அக்கவுண்ட் கிளிக் செய்திடவும். அது ஸ்டாண்டர்ட் வகையாகவே இருக்கட்டும்; அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டாம். நண்பன் பென் டிரைவில் கொண்டுவரும் கிராக் செய்த கேம் பல, உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும். (பையன் முகத்தைத் தூக்கி வைத்துக் கொள்வான், கண்டுகொள்ளாதீர்கள்.) ஆனாலும் இது முழுக் காப்பு அல்ல, அப்டேட் வரும்போது தள்ளிப் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

ரௌட்டருடன் வந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். "ஐடி பிரிவிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்" என்று போன் வந்தால், கட் செய்துவிட்டு, உங்களிடம் உள்ள ஆபீஸ் எண்ணில் நீங்களே அழைத்துக் கேளுங்கள்.

ஆபீஸ் வேலை நடக்கும் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்ததாகத் தெரிந்தால், "ஃபார்மேட் செய்து தாருங்கள்" என்று உடனே என்னிடம் தூக்கி வராதீர்கள். முதலில் வைஃபையை அணைத்து, உங்கள் ஐடி பிரிவுக்குச் சொல்லுங்கள். எது, எப்போது, எந்த வழியாக நுழைந்தது என்ற தடயமெல்லாம் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருக்கும்.